சிரிப்பு யார்மீது விழுகிறது?

(ஏற்காட்டில் தோட்டத் தொழிலாளர்களும் மலைவாழ் மக்கள் இயக்கத் தோழர்களும் கலந்துகொண்ட வாசிப்பு வகுப்பில் ஆற்றிய உரை, ஞாயிறு இதழுக்காகச் சற்றே விரித்து எழுதப்பட்டது.)



உளவாளிக் கதைகளைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று அறிவித்ததும் உங்களில் சிலர் புருவத்தை நெரித்தீர்கள். கூலி உயர்வு இருக்கிறது, பட்டா இருக்கிறது, வன உரிமை இருக்கிறது. இத்தனையையும் விட்டுவிட்டுத் துப்பாக்கியும் தொப்பியுமாகத் திரிகிற சினிமாக்காரனைப் பற்றியா பேச வேண்டும் என்று ஒரு மூத்த தோழர் என் காதுபடவே கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் அதே தோழரின் பேரன், மேற்படி சினிமாக்காரனின் வசனத்தை மூச்சு விடாமல் ஒப்பிக்கிறான்! நாம் பேசாத இடத்தில் வேறு யாரோ பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஆகவே பேசித்தான் ஆக வேண்டும்.

அதுவுமன்றி, உளவாளிப் படங்களைப் பற்றிப் பேச இந்த மலையைவிடப் பொருத்தமான இடம் தமிழ்நாட்டில் இல்லை. சேலத்திலிருந்து நீங்கள் பேருந்தில் ஏறி வருகிற சாலையைச் சற்றே நினைத்துப் பாருங்கள். மலை ஏறத் தொடங்குவதற்கு முன்பு சாலையோரத்தில் பழைய தோரண வாயில் ஒன்று நிற்கிறது. அதற்குள்ளே இன்று ஸ்டூடியோ இல்லை, குடியிருப்புகள் இருக்கின்றன. ஒரு காலத்தில் அதுதான் மாடர்ன் தியேட்டர்ஸ். மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்' 1938இல் அங்கிருந்துதான் வந்தது. கலைஞர் கருணாநிதி வசனம் தீட்டிய 'மந்திரி குமாரி' 1950இல் அங்கிருந்து வந்தது. தமிழின் முதல் முழு வண்ணப் படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956இல் அங்கிருந்து வந்தது. நிறுவனர் டி. ஆர். சுந்தரம் 1963இல் மறைந்தார். அதன் பிறகு அந்த வாயிலிலிருந்து வரிசையாக வெளியே வந்தவர்கள் யார் தெரியுமா? உளவாளிகள்! 1966இல் 'வல்லவன் ஒருவன்', 1970இல் 'சி.ஐ.டி. சங்கர்'. நடிகர் ஜெய்சங்கருக்குத் 'தென்னகத்து ஜேம்ஸ்பாண்ட்' என்ற பட்டத்தை வாங்கிக் கொடுத்த படங்கள் இவை.

'வல்லவன் ஒருவன்' ஒரு பிரெஞ்சு உளவுப் படத்தைத் தழுவியது. அந்தப் பிரெஞ்சு உளவாளிக்கு ஓ.எஸ்.எஸ். 117 என்று பெயர். ழான் புரூஸ் என்ற எழுத்தாளர் 1949இலேயே அவனைப் படைத்துவிட்டார்; ஆங்கிலேயரின் ஜேம்ஸ்பாண்ட் 1953இல் பிறந்தவன், இவனுக்குத் தம்பி முறை. நாவலில் தொடங்கி, பாரிஸ் ஸ்டூடியோவில் வளர்ந்து, கடைசியில் சேலத்தில் வேட்டி கட்டிக்கொண்டான் அந்த வீரன். வேடிக்கை அதுவல்ல. அதே பிரெஞ்சுக்காரர்கள் 2006இல் அதே ஓ.எஸ்.எஸ். 117ஐ வைத்து ஒரு நையாண்டிப் படம் எடுத்தார்கள். 1955ஆம் ஆண்டு, கெய்ரோ நகரம். கோட்டும் சூட்டுமாக வந்திறங்கிய அந்த வீரனுக்கு எகிப்தைப் பற்றி ஒன்றும் தெரியாது, தெரியாதென்பதும் தெரியாது. விடியற்காலையில் தொழுகைக்கு அழைக்கிற குரல் தன் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று எழுந்து போய் அழைத்தவரையே அடக்குகிறான்! காலனி நாடுகளை ஆண்டவனின் மண்டைக்கனம் அந்த ஒரே காட்சியில் அம்பலமாகி நிற்கிறது. தங்கள் பாட்டன்மார் கைதட்டிய வீரனைப் பார்த்துப் பேரன்மார் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். நாமோ அவனை எடுத்துக்கொண்டோம்; அந்தச் சிரிப்பை எடுத்துக்கொள்ளவில்லை.

தமிழிலும் ஒரு முயற்சி நடந்தது. நாவலாசிரியர் சுஜாதா எழுதி, குமுதம் வார இதழில் தொடராக வந்து, கமல்ஹாசன் தயாரித்து நடிக்க, ராஜசேகர் இயக்கி 1986இல் வெளிவந்த 'விக்ரம்' அது. 2022இல் அதே பெயரில் இன்னொரு படம் வந்து வெற்றி முரசு கொட்டியதால், பழையதை இளைஞர்கள் தேடிப் பார்க்கிறார்கள். கதைச் சுருக்கம் இதுதான்: 'அக்னிபுத்ரா' என்ற ஏவுகணையைக் கடத்திவிடுகிறார்கள், மனைவியைப் பறிகொடுத்த உளவாளி அதைத் தேடிச் செல்கிறான். அக்னி என்ற பெயருடைய ஏவுகணையை இந்திய அரசு உண்மையில் சோதித்தது 1989 மே மாதத்தில்தான். கதாசிரியர் மூன்றாண்டு முன்னதாகவே பெயர் சூட்டிவிட்டார் என்று ரசிகர்கள் இன்றும் பெருமை பேசுகிறார்கள். பேசட்டும்.

அந்தப் படத்தைப் பற்றிய விமர்சனம் அன்று தொட்டு இன்று வரை ஒரே தடத்தில் ஓடுகிறது. முற்பகுதி புதுமை, கணிப்பொறியும் கட்டுப்பாட்டு அறையும் பிரமாதம், 'சலாமியா'வுக்குப் போனதும் விறுவிறுப்புக் குறைந்துவிட்டது என்பதே அது. சலாமியா என்பது கதைக்காகக் கற்பித்த நாடு. அங்கே ஒரு கோமாளி ராஜா, ஓர் இளவரசி, விநோதமான சடங்குகள், விளங்காத மொழி, அதை மொழிபெயர்க்க ஒரு நகைச்சுவை நடிகர். விறுவிறுப்புக் குறைந்ததா கூடியதா என்பது எனக்குப் பெரிதல்ல. அந்தப் பகுதியில் சிரிப்பு யார்மீது விழுகிறது என்று எந்த விமர்சனமும் கேட்டு நான் படித்ததில்லை. ஏவுகணையைத் திருடவிட்டு உறங்கிய சர்க்கார்மீதா? கண்டம் விட்டுக் கண்டம் பாயும் அணுகுண்டு நமக்கு எதற்கு என்று கேட்காத பட்டணத்துப் படிப்பாளிமீதா? இல்லை. படிக்காத, காரில் போகாத, நம்மைப் போல் உடுத்தாத ஒரு ஜனக்கூட்டத்தின்மீதல்லவா அது விழுகிறது! அங்கதம் மேலே பார்த்துக் கல் எறிய வேண்டும். இங்கே அது மாடியிலிருந்து கீழே எறிந்திருக்கிறது.

இது விக்ரம் படத்தின் குற்றம் மட்டுமன்று. தமிழ்ப் படத்தில் 'மலைவாசி' எப்படி வருவான் என்று இந்த அவையில் இருக்கும் உங்களைவிட யாருக்குத் தெரியும்? இலைதழை கட்டி, உடம்பில் கரி பூசி, கையில் ஈட்டி ஏந்திப் பொருளற்ற கூச்சல் போட்டுக்கொண்டு வருவான். கதாநாயகனைக் கம்பத்தில் கட்டுவான். சேர்வராயன் மலையில் தலைமுறை தலைமுறையாக வாழ்கிற மலையாளி மக்கள் பேசுவது தமிழ். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று சொல்லுகிற மரபு அவர்களுடையது. மே மாதத்தில் உச்சிமலைக் கோயிலில் சேர்வராயனுக்கு விழா எடுக்கிறவர்கள். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இங்கே காப்பிச் செடி கொண்டுவந்தான்; அதற்குப் பின் யாருடைய நிலம் யாருடைய எஸ்டேட் ஆயிற்று என்பது உங்கள் குடும்பக் கதை. மலையடிவாரத்திலேயே ஒரு பெரிய ஸ்டூடியோ பல பத்தாண்டுகள் இயங்கியது. மேலே வந்து அந்த ஸ்டூடியோக்காரர்கள் படமெடுத்தது பனியையும் பள்ளத்தாக்கையுந்தான்.

படத்தில் வரும் கேலி படத்தோடு போகும் என்கிறவர்களுக்கு ஒன்று நினைவூட்டுகிறேன். 1992 ஜூன் 20ஆம் தேதி, சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்திக்குள் வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை அதிகாரிகள் நுழைந்தார்கள். சந்தனக் கட்டை பதுக்கியிருக்கிறார்கள் என்று 'தகவல்' வந்ததாம். வீடுகள் நொறுக்கப்பட்டன. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கப்பட்டார்கள். அவர்களும் உங்களைப் போன்ற மலையாளி மக்களே. அப்படி எதுவும் நடக்கவேயில்லை என்று மேலிடத்திலிருந்து சொன்னபோது நாட்டில் பாதிப்பேர் நம்பினார்கள். மலைவாசி சொல்வதை எவன் நம்புவான்? 2011 செப்டம்பர் 29இல் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்துபோயிருந்தார்கள். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள். 2023இல் உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது. தகவல் ஒரே நாளில் செயலாயிற்று. உண்மைக்குப் பத்தொன்பது ஆண்டு பிடித்தது.

தகவல் என்ற இந்தச் சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். இன்று நான் முதன்மையாகச் சொல்ல வந்த நாவலும் படமும் அதைப் பற்றியவை.

கிரஹாம் கிரீன் என்ற ஆங்கில நாவலாசிரியர் 1958இல் 'ஹவானாவில் நமது ஆள்' என்ற நாவலை வெளியிட்டார். உளவுத்துறையை நையாண்டி செய்த நாவல்களில் அதற்கு இணை அரிது. நாவலாசிரியரே உளவுத்துறையில் உத்தியோகம் பார்த்தவர் என்பது இங்கே முக்கியம். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் ரகசிய சேவைக்காக மேற்கு ஆப்பிரிக்காவில் சியரா லியோனில் இருந்தார். பிறகு லண்டன் திரும்பிப் போர்ச்சுகல் விவகாரங்களைப் பார்த்தார். அவருக்கு மேலதிகாரி யார் தெரியுமா? கிம் பில்பி. பின்னாளில் 1963இல் மாஸ்கோ போய்ச் சேர்ந்த அதே பில்பிதான்! போர்ச்சுகலில் இருந்த ஜெர்மன் உளவாளிகள் சிலர், சம்பளமும் படியும் வாங்குவதற்காகவே இல்லாத ஆட்களையும் நடக்காத சம்பவங்களையும் கற்பனை செய்து பெர்லினுக்கு அறிக்கை அனுப்பிக்கொண்டிருந்ததைக் கிரீன் கண்டார். கதை அங்கேதான் கருக்கொண்டது. போர் முடிந்தபின் அதைப் படமாக்கக் குறிப்பு எழுதிக் கொடுத்தார். ரகசிய சேவையைக் கேலி செய்யும் படத்துக்குச் சான்றிதழ் கிடைக்காது என்று தணிக்கைத் தரப்பிலிருந்து சொல்லிவிட்டார்கள். ஜனநாயகத்தின் தாய்வீடு என்று மார்தட்டுகிற நாட்டில் நடந்தது இது.

கதையைச் சொல்கிறேன். ஹவானாவில் வோர்மோல்ட் என்றொரு ஆங்கிலேயன், தரையைத் துப்புரவு செய்யும் மின்சாரத் தூசு உறிஞ்சி விற்கிறவன். வியாபாரம் படுத்துவிட்டது. மகளுக்கோ குதிரை வேண்டுமாம். அந்த நேரத்தில் லண்டனிலிருந்து வந்த ஓர் அதிகாரி அவனைப் பிடித்து, உளவாளியாக இரு, மாதம் இவ்வளவு தருகிறோம் என்கிறான். இவனுக்கு உளவும் தெரியாது, களவும் தெரியாது. ஆனால் மகளுக்குக் குதிரை வேண்டுமே! பெரிய மனிதர்களின் கிளப் உறுப்பினர் பட்டியலிலிருந்து சில பெயர்களை எடுத்து, இவர்கள் என் துணை உளவாளிகள் என்று எழுதி அவர்கள் பேரிலும் சம்பளம் வாங்குகிறான். மலைக்காட்டில் பயங்கர ஆயுதத் தளம் கட்டுகிறார்கள் என்று அறிக்கை விட்டு, சான்றாக வரைபடமும் அனுப்புகிறான். அது வேறொன்றுமில்லை, கடையில் இருந்த தூசு உறிஞ்சியைப் பிரித்துப் போட்டு வரைந்த படம்! லண்டனில் அதைப் பார்த்து மேலதிகாரிகள் வெலவெலத்துப் போகிறார்கள். தூசு உறிஞ்சி போல இருக்கிறதே என்று ஓர் ஆளுக்கு மட்டும் உறைக்கிறது. அவனும் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் அவனுக்கல்லவா வேலை போகும்?

இதுவரை சிரிப்பு. இதற்குப் பிறகுதான் நாவலாசிரியர் தம் திறத்தைக் காட்டுகிறார். கற்பித்த உளவாளிகளின் பெயரில் உண்மையான மனிதர்கள் இருக்கிறார்கள். எதிரி முகாமும் அந்தப் பொய்யை நம்பிவிடுகிறது. ஒன்றுமறியாத ஒரு விமானி சாகிறான். ஒரு பொறியாளரைச் சுட முயல்கிறார்கள். வோர்மோல்டின் ஒரே நண்பரான கிழட்டு டாக்டரும் கொல்லப்படுகிறார். மோசடி அம்பலமானதும் லண்டன் என்ன செய்கிறது? தன் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள அவனுக்குப் பதக்கம் கொடுத்து வேலையும் கொடுக்கிறது!

நாவல் வெளிவந்து மூன்றே மாதத்தில், 1959 ஜனவரி முதல் நாள், சர்வாதிகாரி பாடிஸ்டா ஹவானாவை விட்டு ஓடினான். காஸ்ட்ரோவின் தாடிக்காரத் தோழர்கள் நகருக்குள் நுழைந்தார்கள். அடுத்த சில மாதங்களிலேயே இயக்குநர் கரோல் ரீட், அலெக் கின்னஸ் முதலிய நடிகர்களோடு அதே ஹவானா வீதிகளில் இந்த நாவலைப் படமாக்க வந்திறங்கினார். புரட்சி அரசு அனுமதி கொடுத்தது. மே மாதத்தில் தேவாலயச் சதுக்கத்தில் படப்பிடிப்பு நடந்தபோது காஸ்ட்ரோ நேரில் வந்து பார்த்தார். புதிய அரசுக்கு ஒரு மனக்குறை இருந்தது. பாடிஸ்டா ஆட்சியின் கொடுமை இந்தக் கதையில் உள்ளபடி வரவில்லை என்பதே அது. கதையில் செகுரா என்றொரு போலீஸ் தலைவன் வருகிறான். மனிதத் தோலில் செய்த சிகரெட் பெட்டி வைத்திருக்கிறவன். சித்திரவதைக்கு உரிய வர்க்கம், உரியதல்லாத வர்க்கம் என்று மனிதர்கள் இரண்டு வகை என அவன் வியாக்கியானம் செய்கிறான். ஏழைகளை அடிக்கலாமாம், ஏழைகளே அதை எதிர்பார்க்கிறார்களாம்! வர்க்க ஆட்சி இன்னதென்று இவ்வளவு சுருக்கமாகச் சொல்ல நம்மில் பலருக்கு ஒரு மணி நேரம் பிடிக்கும். ஆனால் அந்தச் செகுரா கதையில் இங்கிதமாகச் செக்கர்ஸ் ஆடுகிறான், காதலிக்கிறான், சிரிக்க வைக்கிறான். அவனிடம் அடிபட்டவனின் அலறல் நமக்குக் கேட்பதே இல்லை.

மேலை நாட்டு விமர்சகர்களில் பலர் வேறு வகையில் குறைப்பட்டார்கள். பத்தாண்டு முன்பு இதே ரீடும் கிரீனும் சேர்ந்து தந்த 'மூன்றாவது மனிதன்' போல் இல்லை. நகைச்சுவையா திகிலா என்று படத்துக்கே தெரியவில்லை. பாதி வழியில் தொனி மாறிவிடுகிறது என்றார்கள். எனக்கென்னவோ அந்தத் தொனி மாற்றமே படத்தின் உயிர் என்று தோன்றுகிறது. பொய்யறிக்கை லண்டனில் படிக்கப்படும்வரை வேடிக்கை. ஹவானாத் தெருவில் நடைமுறைக்கு வரும்போது பிணம். ஒரே தொனியில் அதை எப்படிச் சொல்வது?

கியூபத் தோழர்களின் குறையை அப்படித் தள்ளிவிட முடியாது. அதன் கனத்தை உணர வெகுதூரம் போக வேண்டாம். இந்த மலையிலிருந்து கீழே பாருங்கள். சேலம் மத்திய சிறையில் 1950 பிப்ரவரி 11ஆம் தேதி 22 கம்யூனிஸ்ட் கைதிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் மலபார் விவசாயிகள். குடியரசு பிரகடனமாகி முழுதாகப் பதினேழு நாள்கூட ஆகவில்லை! அந்தச் சிறையைப் பின்புலமாக வைத்து, அடுத்த ஆண்டே ஒரு வெளிநாட்டான் வந்து படமெடுக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜெயிலர் ஒரு சுவையான பேர்வழி. நன்றாகச் சதுரங்கம் ஆடுவான். கைதிகள் திரைக்கு வெளியே இருக்கிறார்கள். நையாண்டி முழுவதும் டெல்லியில் உள்ள ஒரு முட்டாள் அதிகாரியைப் பற்றியது. கொட்டகையில் உட்கார்ந்து உங்களால் சிரிக்க முடியுமா? அண்ணனைப் பறிகொடுத்தவன் அந்தப் படத்தைப் பார்த்து, தொனி கச்சிதமாக அமைந்திருக்கிறது என்றா விமர்சனம் எழுதுவான்? ஹவானா மக்கள் அன்று இருந்த நிலை அதுதான்.

கிரீனும் இதை உணர்ந்தவர்தான். 1980இல் வெளியான தம் வாழ்க்கைக் குறிப்பில், உளவுத்துறையைக் கேலி செய்யும் ஆர்வத்தில் பாடிஸ்டாவின் பயங்கரத்தைக் குறைத்துக் காட்டிவிட்டதாக அவரே எழுதுகிறார். நகைச்சுவைக்குப் பின்புலம் அவ்வளவு இருண்டிருக்க வேண்டாமென்று நினைத்தாராம். அடிபட்டவர்களுக்கு, தம் பொருள் பிரிட்டிஷ் உளவாளியின் அபத்தமே அன்றிப் புரட்சியின் நியாயமல்ல என்ற விளக்கம் எப்படிப் போதும் என்றும் ஒப்புக்கொள்கிறார். இப்படி எழுதிய மனிதர், புரட்சிக்காரர்களுக்கு வெறும் வேடிக்கை பார்க்க வந்தவரும் அல்லர். 1957இல் மலைக்காட்டில் குளிரில் கிடந்த கெரில்லாக்களுக்காகக் கம்பளி உடைகளைத் தம் பெட்டியில் சாந்தியாகோவுக்குக் கொண்டு போனவர். பாடிஸ்டாவுக்குப் பிரிட்டன் போர் விமானம் விற்பதைப் பற்றி லண்டன் நாடாளுமன்றத்தில் கேள்வி எழுப்பத் தொழிற்கட்சி உறுப்பினரைத் தூண்டியவர்.

ஆகவே தோழர்களே, கியூபத் தோழர்கள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. அந்த நியாயத்தைக் கொண்டு படத்தைத் தள்ளிவிட வேண்டும் என்றால் நான் உடன்பட மாட்டேன். காஸ்ட்ரோவும் தள்ளவில்லை. குறையைச் சொன்னார், கேமரா ஓடவிட்டார். இந்தப் பாடத்தை நம் இயக்கத்திலும் சிலர் கற்க வேண்டியிருக்கிறது. ஒரு நாவல் வந்தால், ஊர்வலம் எத்தனையாவது பக்கத்தில் வருகிறது என்று தேடுகிற விமர்சகர்களை நான் அறிவேன். ஊர்வலம் இல்லையா, பிற்போக்கு! முடிந்தது விமர்சனம். அங்கதக்காரன் ஒரு திசையில் விளக்கைப் பிடிக்கிறான். மறுதிசை இருளில் இருக்கும். அவன் விளக்கு பிடித்த திசையில் இருந்தது எதிரியின் கோட்டைதானா என்று முதலில் பாருங்கள். இருளில் விடப்பட்டவர்களைப் பற்றி எழுத நம்மிடம் பேனா இல்லையா? வாச்சாத்தியைப் பற்றி நாம்தானே எழுதினோம்?

சலாமியாவில் விளக்கு பிடித்த திசையே வேறு. அதனால்தான் அந்தச் சிரிப்பையும் இந்தச் சிரிப்பையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது என்கிறேன்.

இனி, கதை எவ்வளவு தூரம் உண்மையாயிற்று என்று பார்ப்போம். படம் வந்து மூன்றாண்டு கழிந்து, 1962 அக்டோபரில், கியூபக் காட்டில் ஏவுகணைகள் உண்மையாகவே இருந்தன. உலகம் பதின்மூன்று நாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. கிரீன் தீர்க்கதரிசி என்றார்கள். எனக்கு அதைவிடப் பெரிய தீர்க்கதரிசனமாகத் தோன்றுவது 2003இல் நடந்ததுதான். அந்த ஆண்டு பிப்ரவரி 5ஆம் தேதி, அமெரிக்க வெளிவிவகார மந்திரி காலின் பவல் ஐ.நா. பாதுகாப்புச் சபையில் எழுந்து, இராக்கில் லாரிகளின்மேல் நடமாடும் விஷக்கிருமி ஆலைகள் இருப்பதாகச் சொல்லி வரைபடங்களைத் திரையில் காட்டினார். வரைபடங்கள்! அந்தத் தகவலைத் தந்தவன் ஜெர்மனியில் தஞ்சம் கேட்டு வந்த ஓர் இராக்கியப் பொறியாளன். படையெடுப்பு நடந்தது, நாடு சுடுகாடாயிற்று, ஆலை ஒன்றும் அகப்படவில்லை. தான் சொன்னது பொய் என்று 2011இல் அவனே பத்திரிகைக்குச் சொன்னான். வோர்மோல்டுக்கு மகளின் குதிரை; இவனுக்குத் தஞ்சம். தகவல் பொய் என்பதைவிட, அந்தப் பொய் வேண்டுமென்று வாஷிங்டனில் ஏற்கெனவே காத்திருந்தார்கள் என்பதே கதையின் சாரம். கொள்முதல்காரன் காத்திருக்கும் சந்தையில் சரக்குக்கா பஞ்சம்?

நம் வள்ளுவர் ஒற்றாடலுக்கென்றே ஓர் அதிகாரம் ஒதுக்கியவர். ஓர் ஒற்றன் கொண்டுவந்த செய்தியை இன்னோர் ஒற்றனைக் கொண்டு சோதித்துப் பார் என்கிறார். ஒருவரை ஒருவர் அறியாதபடி மூவரை வைத்து, மூவர் சொல்லும் ஒத்தால்தான் நம்பு என்கிறார். அரசனுக்கு ஒற்றன் கண் என்று சொன்ன அதே மூச்சில், அந்தக் கண்ணுக்கும் பார்வைக் கோளாறு வரும் என்று எச்சரித்தவர் அவர். லண்டனும் வாஷிங்டனும் அந்தப் பத்துப் பாட்டைப் படித்திருக்கலாம். டெல்லி படித்திருக்க வேண்டும்.

ஏனெனில், வெள்ளைக்காரன் 1923இல் செய்த அதிகாரபூர்வ ரகசியச் சட்டத்தைச் சுதந்திர இந்தியா பத்திரமாக வைத்துக்கொண்டிருக்கிறது. அந்தச் சட்டத்தின் பேரில் தமிழன் ஒருவனுக்கு நேர்ந்ததை எல்லோரும் அறிவீர்கள். நாகர்கோவிலில் பிறந்து, விண்வெளித் துறையில் ராக்கெட் எந்திரங்களோடு வாழ்நாளைக் கழித்த நம்பி நாராயணன் 1994 நவம்பர் 30இல் கேரளத்தில் கைது செய்யப்பட்டார். ராக்கெட் வரைபடங்களை மாலத்தீவுப் பெண்கள் இருவர் மூலம் அந்நிய நாட்டுக்கு விற்றாராம். கிரையோஜெனிக் எந்திர ரகசியம் என்றார்கள். அந்தத் தொழில்நுட்பம் அன்று நம்மிடமே கிடையாது! இல்லாததை வரைந்து விற்ற குற்றம். தூசு உறிஞ்சிக் கதை ஹவானாவிலிருந்து திருவனந்தபுரத்துக்கு நடந்தே வந்துவிட்டது. நாளிதழ்கள் அதைத் தொடர்கதையாக்கி விற்றன. பெண்கள் இருக்கிறார்கள், கடல் இருக்கிறது, ராக்கெட் இருக்கிறது. உளவாளி நாவலுக்கு வேறென்ன வேண்டும்? பல ஆண்டுகளாகச் சினிமாவில் பார்த்துப் பழகிய கதை என்பதால் ஜனங்கள் சிரமமில்லாமல் நம்பினார்கள். அந்த மூத்த தோழருக்கு என் பதில் இதுதான். வாச்சாத்தியை நம்பாத அதே ஜனங்கள் இதை நம்பினார்கள். எதை நம்புவது என்று அவர்களுக்குக் கற்றுக்கொடுத்த பள்ளிக்கூடங்களில் கொட்டகையும் ஒன்று.

சி.பி.ஐ. 1996இல் குற்றச்சாட்டு பொய் என்று அறிக்கை கொடுத்தது. உச்சநீதிமன்றம் 1998இல் வழக்கை முடித்து வைத்தது; 2018 செப்டம்பரில், அவசியமில்லாமல் கைது செய்து கொடுமைப்படுத்தியதற்காக அவருக்கு 50 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கச் சொன்னது. 2022இல் மாதவன் இயக்கி நடித்து அவர் வாழ்க்கையே படமாக வந்தது. பார்த்தவர்கள் கண்ணீர் விட்டார்கள், பத்திரிகைகள் பாராட்டின. அவருக்கு இழைத்த அநீதியைச் சொன்னதற்கு நானும் பாராட்டுகிறேன்.

சிறையில் வாடிய மாலத்தீவுப் பெண்கள் இருவருக்கு அந்தத் தீர்ப்பில் இழப்பீடு இல்லை. அவர்களில் ஒருவரான ஃபௌசியா ஹசன் தம் நாட்டில் திரைப்பட நடிகை. 2022ஆம் ஆண்டு அவர் காலமானார்.